நாவும் மூளையும்
பருத்த உடலினர் சுவையை உணருமாறு

விழா மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை வேண்டியபொழுது, தமிழாசிரியன் ஆகையால் இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருளைத் தெரிந்து எழுதுவான் என்றே எண்ணியிருத்தல் கூடும். யானோ நாவைப்பற்றியும் மூளையைப்பற்றியும் எழுதப் புகுந்துள்ளேன். இதற்குக் காரணம் ஒரு புராணப் படலமும், அதனைக் கற்பித்த நாளில் யான் செய்த ஒரு பிழையுமேயாம்.

ஆசிரியத் தொழிலுக்கு வந்த தொடக்கக் காலத்தில், திருவிளையாடற் புராணத்திலே குண்டோதரனுக்கு அன்னமிட்ட படலத்தை ஒரு வகுப்பிற் கற்பித்தேன். தடாதகைப் பிராட்டியாரின் திருமணத்தில் எஞ்சிக் கிடந்த உணவுக் குவியல்களையெல்லாம் பூதகணத்துள் ஒருவனாகிய குண்டோதரன் உண்டு தீர்த்தும், பசி தீராது வருந்தி நின்ற கதை யாவரும் அறிந்ததே. அவ்வகுப்பின் பின்வரிசையில் உடல் பருத்த மாணவர் ஒருவர் இருந்தார். பாடத்திற்குச் சுவையூட்டும் ஆசையால் அவரைச் சுட்டி, "இதோ நம் குண்டோதரன்" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் கல்லூரியை விட்டு நீங்கும்வரை அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துப் பழைய மாணவர் ஒன்றுகூடல் ஒன்றில் அவரைக் கண்டேன். பழைய தோழர்கள் அப்பெயரையே சொல்லி அழைத்தனர். மேசைகளில் வடையும் மோதகமும் கேக்கும் நிறைந்திருந்தன. அவர் தேநீர்க் கோப்பையொன்றைக் கையில் ஏந்தியபடி மாலை முழுவதும் நின்றார். உணவு ஒன்றையும் தொடவில்லை. பலர் காண உண்ணும் வழக்கத்தை விட்டுவிட்டதாக என்னிடம் மெல்லச் சொன்னார்.

அன்றிரவு அப்படலத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். குண்டோதரன் பெருந்தீனிக்காரனாகப் பிறந்தவன் அல்லன். உணவுப் பெருக்கைப்பற்றி எழுந்த பெருமிதத்தை அடக்கும்பொருட்டு இறைவனே வடவைத்தீயை அவன் வயிற்றிற் புகச் செய்தார் என்று புராணம் கூறுகின்றது. அத்தீ அவன் தேடிக்கொண்டதன்று. கற்பித்த பாடத்தின் உயிர்நிலையான இடத்தையே யான் விட்டுவிட்டேன். அதன் பின்னர், உடல் பருத்தவர்களிடத்தில் அத்தகைய தீ ஏதேனும் உண்டோ, உண்டாயின் அது நாவில் உள்ளதோ வயிற்றில் உள்ளதோ என்னும் வினா என்னை விடவில்லை. நம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் துணைகொண்டு சில ஆண்டுகளாகப் படித்தறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

உயிர்களை அறிவின் வகையாற் பகுத்த தொல்காப்பியர், உடம்பினால் அறியும் ஓரறிவுயிரை அடுத்து, நாவினாலும் அறியும் உயிரை இரண்டறிவுடையதாக வைத்தார். மனத்தை ஆறாவதாக வைத்தார். நாம் பேச்சு வழக்கில் சுவையை நாவின் செயல் என்றே கொள்கின்றோம். இக்கால ஆராய்ச்சியை நோக்கின், சுவையில் நாவின் பங்கு தூதுவன் பங்கே. அறிவதும் தீர்ப்புச் சொல்வதும் ஆறாவதன் பங்கு.

சுவை ஆறு என்பது நம் மரபு. உடற்றொழிலியலார் ஐந்து என்பர்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கும், யப்பானியர் உமாமி என்று பெயரிட்ட ஒன்றும். ஐந்தாவதனை 1908ஆம் ஆண்டில் தோக்கியோவில் இக்கேதா என்னும் இரசாயன ஆராய்ச்சியாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்தார். நம் கார்ப்பும் துவர்ப்பும் அவர்கள் கணக்கில் வாரா. மிளகாயின் கார்ப்பு, சூட்டையும் நோவையும் உணரும் நரம்புகளைத் தூண்டுவது. துவர்ப்பு, வாயின் தோல் சுருங்கும் தொடுகையுணர்ச்சி. நம்மவர் பிழைபட எண்ணினர் என்று இதனாற் கொள்ளற்க. அவர்கள் எண்ணியது வாயில் உணரப்படும் அனைத்தையும். நுனிநாவில் இனிப்பு, அடிநாவிற் கைப்பு என்று நாவைப் பங்குபோட்டுக் காட்டும் படமொன்று பழைய பாடநூல்களில் இருந்தது; யானும் அதனைப் பார்த்து வரைந்திருக்கின்றேன். அதுவே பிழை. சுவையரும்புகள் உள்ள இடமெங்கும் ஐந்து சுவைகளும் உணரப்படும்.

சுவையரும்பில் உள்ள கலங்கள் நெடுங்காலம் வாழ்வதில்லை. ஏறக்குறையப் பத்து நாளில் மூத்து உதிரப் புதியன தோன்றுகின்றன. அவற்றின் செய்தியை மூன்று இணை நரம்புகள் ஏந்திச் சென்று மூளையின் அடியிலுள்ள நீள்வளைய மையவிழையத்திற் சேர்க்கும். அங்கிருந்து தலமசு என்னும் இடைநிலையத்தின் வழியாக, மூளையின் பக்கமடிப்பினுள் மறைந்து கிடப்பதும் தீவு என்று பெயர்பெற்றதுமான பகுதிக்கு அச்செய்தி ஏறும். "இஃது இனிப்பு, இவ்வளவு இனிப்பு" என்று அறிவது அத்தீவு. அடுத்து, கண்குழிகளுக்கு மேலாக நெற்றியின் பின்னமைந்த பகுதியில், சுவையோடு மணமும் தோற்றமும் ஒன்றுசேர, "இது நன்று, இன்னும் வேண்டும்" அல்லது "போதும்" என்னும் மதிப்பீடு நிகழும். முதற் கவளமும் பத்தாவது கவளமும் நாவுக்கு ஒன்றே. மதிப்பு மாறுவது இங்கேதான். டேனா ஸ்மோல் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், கொக்கோ இனிப்பில் விருப்பமுடையோரைத் தெவிட்டும்வரை அதனை உண்ணச் செய்து மூளையைப் படம்பிடித்தனர். விருப்போடு உண்டபொழுது தொழிற்பட்ட இடங்கள் வேறாகவும், வெறுப்புத் தோன்றியபின் தொழிற்பட்ட இடங்கள் வேறாகவும் இருந்தன.

மூன்றாவது இடமொன்று உண்டு. நம் கதையின் பெரும்பகுதி அங்கேயே நிகழ்கின்றது. மூளையின் ஆழத்தில், வெட்டிப் பார்க்குமிடத்து வரிவரியாகத் தோன்றுவதால் வரியுடலம் எனத்தக்க பகுதி அது. டோபமின் என்னும் இரசாயனப் பொருளைத் தூதாகக் கொண்டு நரம்புக்கலங்கள் அங்கே பேசிக்கொள்கின்றன. 1954இல் கனடாவின் மொன்றியல் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர், எலியின் மூளையிற் சில இடங்களில் மெல்லிய மின்கம்பியை நாட்டி, நெம்புகோலை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்குமாறு அமைத்தனர். எலி விடாது அழுத்திக்கொண்டே இருந்தது. இன்பத்தின் இருப்பிடம் அகப்பட்டது என்று அக்காலத்திற் பலர் மகிழ்ந்தனர்.

ஆயின் அஃது இன்பத்தின் இருப்பிடந்தானா? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கென்ற் பெரிட்ஜ் என்பார் இவ்வினாவை எழுப்பினார். எலிக்கும் குழந்தைக்கும் இனிப்பைச் சுவைத்தால் நாவை நீட்டிச் சப்பும் மெய்ப்பாடு உண்டு. டோபமின் அற்றுப்போன எலிகள் உணவைத் தேடிச் செல்வதில்லை, முன்வைத்தாலும் உண்பதில்லை, வாளாவிருந்து பட்டினியால் மெலியும். அவற்றின் வாயில் இனிப்பை ஊற்றினாலோ, அம்மெய்ப்பாடு குறையாது தோன்றியது. எனவே சுவைத்து மகிழ்தல் வேறு, வேண்டும் என்று அவாவுதல் வேறு. டோபமினுக்குரியது பின்னையதே என்றார் அவர். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் அன்றாட வழக்கிலுள்ள எளிய சொற்களையே அவர் ஆண்டார். தமிழில் முன்னையதைச் சுவையின்பம் என்றும் பின்னையதை வேட்கை என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. நீர்வேட்கை என்னும்பொழுது, பருகும் இன்பத்தை நாம் குறிப்பதில்லை அல்லவா?

வேட்கைக்கு இன்னுமோர் இயல்பு உண்டு. உல்பிராம் சூல்ற்ஸ் என்பார் குரங்குகளிடத்தில் அதனைக் கண்டார். குரங்கின் வாயில் ஒரு துளி பழச்சாறு எதிர்பாராது விழுந்தால் டோபமின் கலங்கள் துடிக்கும். சாற்றுக்கு முன்னே ஒரு விளக்கொளியைக் காட்டிப் பழக்கினால், சில நாளில் அத்துடிப்பு ஒளிக்கு இடம்பெயரும். சாறு விழும்பொழுது துடிப்பு இராது. ஒளி தோன்றியும் சாறு வாராதாயின் வழமையான துடிப்பும் ஒருகணம் அடங்கிப்போகும். பெறுகின்ற பேற்றையன்று, எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே அக்கலங்கள் எண்ணுகின்றன.

இனி உடல் பருத்தவர்களிடத்து வருவோம். பருமன் என்பது பார்ப்பவர் கண்ணளவினால் துணிவதன்று. கிலோகிராமிற் கொண்ட நிறையை, மீற்றரிற் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண் 30ஐ எட்டினாற் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 165 சென்ரிமீற்றர் உயரமுடையவர்க்கு ஏறக்குறைய 82 கிலோகிராம் நிறையில் அவ்வெண் வரும். ஆசிய மக்களுக்கு இதனினும் குறைந்த எண்களிலேயே நீரிழிவு முதலிய இடர்கள் தொடங்குவதால், 23, 27.5 என்னும் எண்களையும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளலாம் என்று 2004இல் வெளியான அறிஞர் குழுவின் அறிக்கை கூறிற்று.

உடல் பருத்தவர் நம்மினும் மிகுதியாகச் சுவைத்து இன்புறுவர், அதனாலேயே மிகுதியாக உண்பர் என்பது பலர் எண்ணம். என் எண்ணமும் அதுவாகவே இருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் எரிக் ஸ்ரைஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இதனைப் புரட்டிவிட்டன. குழாய்போன்ற பெரிய காந்தக் கருவியினுள்ளே இளம்பெண்களைப் படுக்கவைத்து, மெல்லிய குழாய் வழியாக ஒருமுறைக்கு அரை மில்லிலீற்றர் அளவான பானத்தை நாவிற் சொட்டவிட்டனர். பானம் இரண்டு வகை. ஒன்று, குளிர்களியும் பாலும் கொக்கோப் பாகும் சேர்ந்த இனிய பானம். மற்றையது, உமிழ்நீரை ஒத்ததாகச் செய்யப்பட்ட சுவையற்ற நீர்மம். வெறுந்தண்ணீரைக் கொள்ளவில்லை, ஏனெனில் சுவைக்குரிய மூளைப்பகுதி தண்ணீருக்கும் தொழிற்படும். எப்பானம் வரப்போகின்றது என்பதை முன்னறிவிக்கும் உருவங்கள் கண்முன்னே காட்டப்பட்டன. தொழிற்படும் மூளைப்பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாய்வதைக் கருவி பதிந்துகொண்டது.

பெறுபேறு இது: இனிய பானம் வரும் என்னும் அறிகுறியைக் கண்டவுடன், சுவையை அறியும் தீவகப் பகுதியும் அதனை அடுத்த பகுதியும் பருத்த உடலினரிடத்து மெலிந்தவரினும் மிகுதியாகக் கிளர்ந்தன. பானம் நாவில் விழுந்தபொழுதும் அச்சுவைப் பகுதிகள் மிகுதியாகவே தொழிற்பட்டன. ஆனால் அப்பொழுது வரியுடலத்திலே தோன்ற வேண்டிய கிளர்ச்சி மெலிந்தவரினும் குறைவாயிருந்தது. எதிர்பார்ப்பு மிகுதி; சுவையறிவு குறைவில்லை; பேற்றின் நிறைவோ குறைவு. விழாவுக்கு ஆண்டு முழுதும் காத்திருந்தவன் விழாவன்று ஏதோ ஒன்று குறைவதுபோல் நிற்பது போன்றது இந்நிலை. சூல்ற்ஸ் கண்ட குரங்கின் துடிப்பு ஒளிக்கு இடம்பெயர்ந்ததோடு இதனை இணைத்துக் காண்பாரும் உளர். அவ்விணைப்புப் பொருத்தமுடையதாகவே எனக்கும் தோன்றுகின்றது.

இக்குறைவு முன்னே இருந்ததா, பின்னே வந்ததா? நியூயோர்க்கை அடுத்த புறூக்கேவன் ஆய்வகத்தில் 2001இல், மிகப் பருத்த பத்துப்பேருடைய வரியுடலத்தில் டோபமினை ஏற்கும் ஒருவகை வாங்கிகள் குறைந்திருத்தலைக் கண்டனர். பிறவியிலேயே வாங்கிகள் குறைந்தவர், பிறர் பெறும் நிறைவை எட்டும்பொருட்டுக் கூடுதலாக உண்பர் என்னும் கருத்து அப்பொழுது செல்வாக்குப் பெற்றது. அவ்வாங்கிகளைப்பற்றிப் பின்வந்த ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஸ்ரைஸ் குழுவினரே 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், ஆறு மாதத்தில் நிறைகூடிய பெண்களிடத்தில் இனிய பானத்துக்கான வரியுடலக் கிளர்ச்சி முன்னையினும் தாழ்ந்திருந்தது. நிறை கூடாதவர்களிடத்தில் அவ்வாறு தாழவில்லை. 2011இல், தாம் மெலிந்தவராயினும் பெற்றோர் இருவரும் பருத்தவராகவுள்ள இளைஞரை ஆராய்ந்தபொழுது, அவர்களிடத்தில் அக்கிளர்ச்சி குறைவாயிருக்கவில்லை. மெலிந்த பெற்றோரின் மக்களினும் மிகுதியாகவே இருந்தது. ஆகவே தொடக்கத்தில் மிகுதி, உண்டு பழகியபின் குறைவு என்று கொள்ளுதலே இப்பொழுதுள்ள சான்றுகளுக்கு இயைபுடையதாகும். குறைவுற்ற பின்னும் எதிர்பார்ப்பு மட்டும் குறைவதில்லை. இடர் அங்கேதான் உள்ளது.

மாணவர்கள் கருத்தூன்ற வேண்டிய ஆராய்ச்சி ஒன்று 2023இல் செருமனியிலிருந்து வெளிவந்தது. பருமனில்லாத மக்கள் சிலர்க்கு எட்டுக் கிழமைகள் நாள்தோறும் வழமையான உணவோடு கொழுப்பும் சீனியும் மிக்க சிறு இனிப்புக்களி கொடுக்கப்பட்டது. வேறு சிலர்க்கு அதே அளவு சத்துள்ள, கொழுப்புக் குறைந்த களி கொடுக்கப்பட்டது. எட்டுக் கிழமை முடிவில் இரு சாராரிடத்தும் நிறையில் வேறுபாடு தோன்றவில்லை. ஆயினும் முதற் சாராரின் மூளை இனிய பானத்துக்கு முன்னையினும் கூடுதலாகக் கிளர்ந்தது. கொழுப்புக் குறைந்த உணவில் அவர்களுக்கிருந்த விருப்பம் தாழ்ந்தது. உடல் பருப்பதற்கு முன்பே மூளை பழகிவிடுகின்றது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. இடைவேளையில் நம் சிற்றுண்டிச்சாலை முன்றிலில் நிற்பவன் என்னும் முறையிற் சொல்கின்றேன்: அந்நிறத்தைப் பார்த்து வாங்கும் மாணவனை யான் இன்னும் காணவில்லை, ஆசிரியரையும் காணவில்லை.

வடவைத்தீக்கு மிக அணித்தான உவமை ஒன்று மருத்துவ வரலாற்றில் உண்டு. 1994இல் நியூயோர்க்கில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர், கொழுப்பிழையத்திற் பிறந்து குருதி வழியே மூளைக்குச் சென்று "சேமிப்புப் போதும்" என்று அறிவிக்கும் லெப்ரின் என்னும் ஓமோனுக்குரிய பரம்பரையலகைக் கண்டறிந்தனர். 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாக்கிஸ்தானிய வழிவந்த குடும்பமொன்றிற் பிறந்த இரு குழந்தைகளைப்பற்றி எழுதினர். எட்டு வயதுச் சிறுமியின் நிறை 86 கிலோகிராம். அவளுடைய ஒன்றுவிட்ட தம்பியாகிய இரண்டு வயதுக் குழந்தையின் நிறை 29 கிலோகிராம். இருவர் உடலிலும் பரம்பரையலகின் வழுவினால் லெப்ரின் தோன்றவேயில்லை. எவ்வளவு உண்டாலும் போதும் என்னும் செய்தி மூளையை எட்டாது. ஊசிமூலம் லெப்ரின் கொடுத்தவுடன் சிறுமியின் பசி அடங்கிற்று, நிறை இறங்கிற்று. அதே மருத்துவக் குழுவினர் 2007இல், இத்தகைய குறையுடைய வேறு இருவர்க்கு உணவுப் படங்களைக் காட்டி மூளையை ஆராய்ந்தனர். மருந்துக்கு முன்னர், வயிறு நிறைந்திருந்தபொழுதும் உணவுப் படம் அவர்தம் வரியுடலத்தைக் கிளர்த்திற்று. ஏழு நாள் மருந்துக்குப் பின்னர், பசித்திருந்தபொழுது மட்டுமே கிளர்த்திற்று.

இஃது அரிதினும் அரிதான நோய். பருத்தவர் பெரும்பாலாரின் குருதியில் லெப்ரின் குறைவன்று, மிகுதி. கேட்கும் மூளையே காது மந்தமுற்றிருக்கின்றது. வயிற்றின் குரலும் அவ்வாறே. நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாமில் நடந்து 2023இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், நாவைத் தொடாமல் மூக்கு வழியாகச் செலுத்திய குழாயினால் வெல்லக் கரைசலையும் கொழுப்பையும் நேரே இரைப்பைக்குள் விட்டனர். மெலிந்தவர் மூளையில், உணவு வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகத் தொழிற்பாடு தணிந்தது. பருத்தவர் மூளையில் அத்தணிவு தோன்றவில்லை. பின்னர் அப்பருத்தவர்கள் பன்னிரண்டு கிழமை உணவுக் கட்டுப்பாட்டினால் உடல் நிறையில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்தனர். மீண்டும் ஆராய்ந்தபொழுதும் அத்தணிவு திரும்பவில்லை. வருந்தி மெலிந்தவர் பலர் மீண்டும் பருப்பதேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவர்களை மனவுறுதியற்றவர் என்று கூறும் நம்மிற் பலர்க்கு அவர்கள் பொறுத்ததில் நாலிலொன்றையும் பொறுத்த பழக்கமில்லை.

குடல் சுரக்கும் ஓமோனொன்றைப் போலத் தொழிற்படும் மருந்துகள், முதலில் நீரிழிவுக்கு வழங்கப்பட்டவை, அண்மை ஆண்டுகளில் நிறை குறைப்புக்கும் பயன்படுகின்றன. உண்போர் பலர் வியந்து கூறுவது நிறை குறைந்ததைப்பற்றி மட்டுமன்று. நாள்முழுதும் தலைக்குள் ஓயாது ஒலித்த உணவு நினைவு அடங்கிவிட்டதைப்பற்றியுமாம். மருந்தை நிறுத்தினால் இழந்த நிறையிற் பெரும்பகுதி ஓராண்டுக்குள் திரும்புகின்றது என்பதும் அறியப்பட்டுள்ளது. விலையும் நம்மவர்க்கு எட்டாதது. ஆகவே மருத்துவரின் மேற்பார்வையின்றி இதனை நாடுவோர்க்கு என் கட்டுரை துணையாகாதிருப்பதாக.

இக்கட்டுரையை மலர்க் குழுவினரிடம் கொடுக்குமுன், யான் முன்னே குறிப்பிட்ட பழைய மாணவரின் முகவரியைத் தேடிப்பெற்று அவருக்கு ஒரு படி அனுப்பினேன். "உம்முடைய பெயரைச் சொல்லவில்லை, ஆயினும் உம்மைப்பற்றியது, நீர் உடன்பட்டாலன்றி அச்சேறாது" என்று எழுதியிருந்தேன். பத்து நாளாக மறுமொழி இல்லை. பின்னர் ஒரு மாலை அவரே தொலைபேசியில் அழைத்தார். உடம்பாடு தந்தார். ஓரிடத்தை மட்டும் திருத்தச் சொன்னார். வகுப்பிற் பின்வரிசையில் இருந்த நாளில் அவர் எந்நேரமும் பசித்திருந்தார் என்று யான் முதற்படியில் எழுதியிருந்தேன். "பசி இல்லை, சேர். வீட்டிலே நல்லாய்ச் சாப்பிட்டுத்தான் வருவன். இடைவேளை மணி எப்ப அடிக்கும் எண்ட நினைவுதான். மணி அடிச்சு, வாங்கிச் சாப்பிட்டு முடிய, இதுக்கோ இவ்வளவு நேரம் இருந்தனான் எண்டு இருக்கும். அடுத்த பாடம் தொடங்கத் திரும்பவும் அந்த நினைவு வந்திடும்" என்றார்.

அவ்வரியை நீக்கிவிட்டேன்.